சிறுவாடும் பிட்காயினும்

கிரிப்டோ நாணயத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இப்போது ஒரு தயார் பதில் இருக்கிறது. உனக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது, உன் நாட்டுப் பணத்தைக் கடைக்காரர் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார், அதனால்தான் இது உனக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. இவை எதுவும் இல்லாத ஒரு பெண்ணின் இடத்தில் நின்று பார் என்பார்கள். அமெரிக்காவின் ஹியூமன் ரைட்ஸ் ஃபவுண்டேஷன் அமைப்பில் பொறுப்பு வகிக்கும் அலெக்ஸ் கிளாட்ஸ்டைன் 2022இல் கொண்டுவந்த நூலின் பெயரே 'செக் யுவர் ஃபைனான்ஷியல் பிரிவிலேஜ்'. உன் பணச் சலுகையை முதலில் எண்ணிப் பார் என்று அதைச் சொல்லலாம். சலுகையை எண்ணிப் பார் என்பது நம் வீட்டுப் பேச்சு. வெள்ளைப் பெண்ணியவாதிகளைப் பார்த்துக் கறுப்புப் பெண்களும், இங்கே ஆதிக்கச் சாதிப் பெண்ணியவாதிகளைப் பார்த்துத் தலித் பெண்களும் எழுப்பிய கேள்வி அது. அதை எடுத்துப்போய், ஒரு நாணயத்தைச் சந்தேகிப்பவர்களின் வாயை அடைக்கப் பயன்படுத்தும்போது பெண்ணியம் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

எளிதில் தள்ளிவிடக்கூடிய நூல் அல்ல அது. பிரான்சின் காலனிய ஆட்சி ஆப்பிரிக்காவில் விட்டுச்சென்ற சி.எஃப்.ஏ. பிராங்க் பற்றி அதில் வரும் பகுதி, பணத்தின் அரசியலைப் படிக்கும் எவருக்கும் உதவும். கியூபாவிலும் பாலஸ்தீனத்திலும் சேமிப்பு எப்படிக் கரைகிறது என்பதும் பொய்க் கதை இல்லை. இந்த வகை எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு கதை ஆப்கானிஸ்தானுடையது. ஹெராத்தைச் சேர்ந்த தொழில்முனைவோர் ரோயா மஹ்பூப், 2013 வாக்கிலேயே தன்னிடம் வேலை செய்த பெண்களுக்கு பிட்காயினில் ஊதியம் கொடுத்தார். கையில் பணமாகக் கொடுத்தால் அப்பாவோ அண்ணனோ கணவனோ வாங்கிக்கொள்வார். பல பெண்களுக்கு வங்கிக் கணக்கும் கிடையாது. கைபேசிக்குள் இருக்கும் காசை யாரும் எடுக்க முடியாது என்பது வாதம்.

இந்த வாதத்தைத் தமிழில் விளக்க நீண்ட பேச்சு வேண்டியதில்லை. நம்மிடம் அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது: சிறுவாடு. கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் சேர்த்துவைக்கும் காசு. சமூகவியலாளர் விவியானா ஸெலைஸர் 1994இல் வெளியிட்ட 'தி சோஷியல் மீனிங் ஆஃப் மனி' என்ற நூலில், ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய அமெரிக்க வீடுகளில் மனைவியின் பணம், கணவனின் பணம் என்று காசு எப்படித் தனித்தனிப் பெயரும் ஒழுக்கமும் கொண்டிருந்தது என்று காட்டுகிறார். கணவன் பையிலிருந்து மனைவி காசு எடுத்தால் திருட்டா என்ற கேள்வி அங்கே நீதிமன்றம்வரை போயிருக்கிறது. பொருளியல் பாடப்புத்தகம் ஒரு ரூபாய்க்கும் இன்னொரு ரூபாய்க்கும் வித்தியாசம் இல்லை என்கிறது. சிறுவாடு சேர்த்த எந்தப் பெண்ணும் அதை ஒப்பமாட்டாள்.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும் இந்தியா முழுக்க அந்தச் சேமிப்புகள் வெளியே வரவேண்டியதாயிற்று. என் அம்மா பதினொரு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பை அம்மா இன்னும் மன்னித்ததாகத் தெரியவில்லை. ஆகவே, அரசு ஒரே இரவில் உன் காசைக் காகிதமாக்கிவிட முடியும் என்று பிட்காயின் ஆதரவாளர்கள் சொல்லும்போது அதில் எனக்கு மறுப்பில்லை. அப்படி ஆக்க முடியாத காசு ஒரு பெண்ணிடம் இருந்தால் நல்லதுதான். அந்தக் காசு இதுதானா என்பதே என் கேள்வி.

பிட்காயினை அறிமுகப்படுத்திய ஆவணம் ஒன்பது பக்கம். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியானது. அதன் தொடக்கப் பத்தியைப் பெண்ணிய வாசிப்புக்கு உட்படுத்துவது நல்ல பயிற்சி. அது யாருடைய துயரத்திலிருந்து தொடங்குகிறது? வங்கிக் கணக்கு இல்லாத பெண்ணிடமிருந்து இல்லை. இணையத்தில் பொருள் விற்பவரிடமிருந்து. பொருளை வாங்கியவர் பிறகு வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றுவிடுகிறார்; வங்கி இந்தச் சச்சரவில் நடுவராக இருப்பதால் செலவு கூடுகிறது. நடுவரே தேவைப்படாத, ஒருமுறை கொடுத்தால் திரும்ப வராத பணம் வேண்டும். அதுதான் பிட்காயின் தீர்க்கவந்த பிரச்சினை. பெண்களின் விடுதலை, ஏழை நாடுகள், அகதிகள் எல்லாம் பிறகு வந்து சேர்ந்த விளம்பர வாசகங்கள்.

திரும்ப வராத பணம் யாருக்கு வசதி என்று யோசித்துப் பார்க்கலாம். மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கு வசதி. மனைவியின் கைபேசியைப் பிடுங்கி அனுப்பிக்கொள்ளும் கணவனுக்கு வசதி. வங்கிக் கணக்கிலிருந்தோ யு.பி.ஐ. வழியாகவோ ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். விரைவாக அழைத்தால் அந்தப் பணத்தை முடக்கிவைக்க வழியுண்டு. எல்லோருக்கும் கிடைத்துவிடாது, தெரியும். ஆனாலும் முறையிட ஓர் இடம் இருக்கிறது. சொந்த வாலட்டிலிருந்து போன பிட்காயினைத் திருப்பிக் கொண்டுவரும் அதிகாரம் இந்த அமைப்பில் யாருக்குமே கிடையாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிறப்பாகவே சொல்கிறார்கள்.

அடுத்தது மறைவு. சிறுவாட்டின் உயிரே அது யாருக்கும் தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. பிட்காயினின் கணக்குப் புத்தகமோ உலகம் முழுக்கத் திறந்துகிடக்கிறது. அதில் பெயர் இல்லை, முகவரி என்ற எண்ணெழுத்துச் சரம் மட்டும்தான் என்பார்கள். அந்த முகவரி இன்னாருடையது என்று ஒருவனுக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும். கடவுச்சொல் தேவையில்லை, எப்போது எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று தன் கைபேசியிலேயே பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பதிவுகள் அழியவும் அழியாது. அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்க்க அவன் வீட்டிலாவது இருக்க வேண்டும்.

வாலட்டைத் திறக்கும் சாவி பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு சொற்கள். அதை எழுதிப் பத்திரமாக வைக்கச் சொல்கிறார்கள். எங்கே? தனக்கென்று ஓர் இழுப்பறைகூட இல்லாத பெண் எங்கே வைப்பாள்? கடுகு டப்பாவில்தான். இவ்வளவு சுற்றி வந்து காசு மறுபடி அஞ்சறைப் பெட்டிக்கே போகிறது. என்ன வித்தியாசமென்றால் தாள் நனைந்தால் காய வைக்கலாம், சொற்கள் அழிந்தால் எல்லாம் போயிற்று. இதற்கெல்லாம் முதலில் கைபேசி அவளுடையதாக இருக்க வேண்டும். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு இருப்பதாகச் சொன்ன பெண்கள் 78.6 விழுக்காடு. தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருப்பதாகச் சொன்னவர்கள் 54 விழுக்காடு. வங்கிக் கணக்கு இல்லாதவளுக்காகக் கைபேசியில் பணம் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்களா?

இதெல்லாம் யோசனையளவில் எழுப்பும் தடைகள், நடைமுறையில் பெண்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள் என்று ஒருவர் சொல்லலாம். நடைமுறையில் என்ன நடந்தது என்று பார்க்க நமக்கு ஒரு முழு நாடே கிடைத்திருக்கிறது.

மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடோர் 2001இலேயே சொந்த நாணயத்தை விட்டுவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறிய நாடு. மக்கள்தொகையில் கணிசமான பகுதி அமெரிக்காவில் கட்டட வேலையும் வீட்டு வேலையும் செய்து பணம் அனுப்புகிறது. நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பணம்தான். ஊரில் அதை வாங்கிக் குடும்பம் நடத்துபவர்களில் பெண்களே மிகுதி: அம்மாக்கள், மகனின் பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள். சந்தையில் காய்கறியும் புபுசா என்ற சோள அடையும் விற்பவர்களும் அவர்களே. பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கு இல்லை. பிட்காயின் பெண்களுக்குப் பயன்படும் என்றால் அது பயன்பட்டிருக்க வேண்டிய இடம் இதுதான். அதிபர் நயீப் புகேலே சட்டத்துக்குச் சொன்ன காரணங்களும் இவையே. வங்கி இல்லாதவர்களுக்கு நிதிச் சேவை, வெளிநாட்டுப் பணத்துக்குக் கமிஷன் மிச்சம்.

2021 ஜூனில் மியாமியில் நடந்த பிட்காயின் மாநாட்டில், காணொளி வழியே ஆங்கிலத்தில் அவர் இதை அறிவித்தார். தன் நாட்டுச் சந்தைப் பெண்களுக்கு முன்னால் மியாமிக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. சில நாளில், ஒரே இரவில், 84 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 62 வாக்குகளோடு சட்டம் நிறைவேறியது. அதன் ஏழாவது பிரிவு, பொருள் விற்கும் எவரும் பிட்காயினை வாங்கிக்கொண்டே ஆகவேண்டும் என்றது. மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம் அந்தச் செப்டம்பரில் வெளியிட்ட கருத்துக் கணிப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் இதை ஏற்கவில்லை. யாரும் கட்டுப்படுத்தாத, விரும்பியவர் சேர்ந்துகொள்ளும் சுதந்திரப் பணம் என்று பெயர்பெற்ற ஒன்று, மக்கள் வேண்டாம் என்ற பிறகும் அரசாணையாக வந்தது. இதில் பிட்காயின் ஆதரவாளர்களில் ஒரு சிலரே சங்கடப்பட்டார்கள். பெரும்பாலோர் விமானம் ஏறி எல் சோன்டே கடற்கரைக்கு அலைச்சறுக்கு விளையாடப் போனார்கள்.

செப்டம்பர் 7 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 52,000 டாலரில் இருந்த பிட்காயின் விலை அன்றைக்கே 43,000 வரை இறங்கியது. 'சிவோ' என்ற அரசு வாலட்டைத் தரவிறக்கும் ஒவ்வொருவருக்கும் 30 டாலர் இனாம். அடையாள எண்ணைப் பதிந்து உள்ளே போனவர்கள் சிலருக்கு, அந்த எண்ணில் வேறு யாரோ ஏற்கெனவே கணக்குத் திறந்து இனாமை எடுத்துப்போயிருப்பது தெரிந்தது. கிறிஸ்டோசால் என்ற மனித உரிமை அமைப்பிடம் நூற்றுக்கணக்கானோர் முறையிட்டார்கள். செப்டம்பர் 15 ஊர்வலத்தில் தலைநகரில் ஒரு சிவோ இயந்திரக் கூண்டுக்குத் தீ வைத்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை ஃபெர்னாண்டோ ஆல்வரெஸ், டேவிட் அர்ஹென்தே, டயானா வான் பட்டென் என்ற மூன்று பொருளியலாளர்கள் 1,800 வீடுகளுக்கு நேரில் ஆளனுப்பிக் கேட்டு எழுதினார்கள். சிவோவைத் தரவிறக்கியவர்களில் பத்தில் ஆறு பேர் 30 டாலரைச் செலவழித்ததோடு அதைத் தொடவில்லை. 2022 பிறந்த பிறகு புதிதாகத் தரவிறக்கியவர்கள் ஏறக்குறைய இல்லை. பிட்காயினை வாங்கிக்கொண்ட கடைகள் ஐந்தில் ஒன்று. அவற்றிலும் பெரும்பாலானவை வந்த வேகத்தில் டாலராக மாற்றிக்கொண்டன. ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டதற்கு மக்கள் சொன்னவை, கையில் காசு இருப்பதே பிடித்திருக்கிறது என்பதும் இதை நம்பவில்லை என்பதும். தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் யார்? இளைஞர்கள், படித்தவர்கள், ஏற்கெனவே வங்கிக் கணக்கு உள்ளவர்கள், ஆண்கள். வங்கி இல்லாத பெண்ணின் பெயரைச் சொல்லிக் கட்டப்பட்ட வீட்டில் வங்கி உள்ள ஆண் குடியிருந்தான் என்பதுதான் அந்த ஆய்வின் சாரம்.

வெளிநாட்டுப் பணத்தின் கதை இதைவிடச் சுருக்கமானது. 2022இல் அந்நாட்டுக்கு வந்த ஏறத்தாழ 770 கோடி டாலரில் கிரிப்டோ வாலட்டுகள் வழியே வந்தது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்று அந்நாட்டு மத்திய வங்கியின் கணக்கே சொல்கிறது. அடுத்த ஆண்டு அது இன்னும் இறங்கியது. காரணம் தேட ஆழமாகப் போகவேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸில் மகள் சம்பாதிப்பது டாலர். ஊரில் அம்மா செலவழிப்பதும் டாலர். நடுவில் டாலரை பிட்காயினாக்கி, பிட்காயினை மறுபடி டாலராக்கி, இரண்டு இடத்திலும் விலை ஏறுமா இறங்குமா என்று பயந்துகொண்டு ஏன் அனுப்ப வேண்டும்? அம்மா கடைக்குப் போனால் அங்கே ஒரு ஆள் இருக்கிறான். அடையாள அட்டையைக் காட்டிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வருகிறாள். பணம் வரவில்லையென்றால் அவனிடம் சண்டை போடலாம்.

அந்த ஆள்தான் முக்கியம். கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசாவைப் பார்த்தால் தெரியும். சாதாரணப் பொத்தான் கைபேசியில் குறுஞ்செய்தி வழியே பணம் அனுப்பும் முறை. பிளாக்செயின் கிடையாது. நாட்டின் சொந்த ஷில்லிங்தான் அதில் ஓடுகிறது. ஊருக்கு ஊர் பெட்டிக்கடைபோல ஏஜென்டு இருக்கிறார். தவறான எண்ணுக்குப் பணம் போனால் திருப்பக் கேட்க ஓர் எண் இருக்கிறது. தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் 2016இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஆய்வின்படி எம்-பெசா 1,94,000 குடும்பங்களைக் கடும் வறுமையிலிருந்து மேலே கொண்டுவந்தது. பெண்கள் தலைமையிலான குடும்பங்களில் பலன் கூடுதல். விவசாயத்தைவிட்டு ஏதாவது சிறு வியாபாரத்துக்கு மாறிய பெண்கள் 1,85,000 பேர். (அதே கைபேசி வழியே பிற்பாடு வந்த உடனடிக் கடன்கள் எத்தனை பேரைக் கடனில் தள்ளின என்பது வேறு கட்டுரை. எம்-பெசாவைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை.)

நம்பிக்கை தேவைப்படாத பணம் என்று பிட்காயினைப் புகழ்கிறார்கள். மனிதரை நம்பவேண்டாம், கணிதத்தை நம்பு என்கிறார்கள். நம்பிக்கை என்பது ஒரு பலவீனம், பிழை, சரிசெய்யவேண்டிய ஓட்டை என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. ஏலச்சீட்டு பிடிக்கும் ஒரு பெண்ணைக் கவனித்தால் நம்பிக்கை என்பது வேலை என்று தெரியும். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு இந்த மாதம் சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும், யார் வாயால் மட்டும் தருகிறேன் என்பவர் என்று இருபது குடும்பத்தின் நிலவரத்தை அவர் தலையில் சுமந்துகொண்டிருக்கிறார். சுய உதவிக் குழுக்கள் இந்த வேலையின் மீதுதான் நிற்கின்றன. அந்த வேலைக்குக் கூலி கிடையாது, சமயத்தில் பழிதான் மிச்சம். சீட்டு கட்டிவிட்டு ஓடிப்போனவர்களும் உண்டு. அந்தச் சுமையைக் குறைக்க வழிசொன்னால் கேட்கலாம். பிட்காயின் அந்த வேலையைக் குறைப்பதில்லை. அப்படியொரு வேலை நடப்பதே அதற்குத் தெரியாது. யாருக்குக் கடன் தேவை, யாருக்கு ஒரு மாதம் தவணை தள்ளிப்போட வேண்டும் என்பதற்கெல்லாம் அதனிடம் ஒரு வசதியும் கிடையாது.

அது உண்மையாகவே உதவிய இடம் ஒன்றுண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்ததும் ஆப்கானிஸ்தான் மத்திய வங்கி அமெரிக்காவில் வைத்திருந்த ஏறத்தாழ 700 கோடி டாலர் முடக்கப்பட்டது. வங்கிகள் பணம் தர மறுத்தன. ஐ.நா. அமைப்பே டாலர் கட்டுகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த நாட்களில், ஹெராத்தில் பெண்களுக்குக் கணினி நிரல் கற்றுக்கொடுத்துவந்த 'கோட் டு இன்ஸ்பயர்' என்ற பள்ளியின் நிறுவனர் ஃபெரெஷ்தே ஃபரோக், வெளிநாட்டிலிருந்து மாணவிகளின் குடும்பங்களுக்குக் கிரிப்டோவில் பணம் அனுப்பினார். சாப்பாட்டுக்கு அது போய்ச் சேர்ந்தது. வேறு வழி அப்போது இல்லை.

ஆனால் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். அனுப்பியது டாலரோடு மதிப்பைக் கட்டிவைத்த ஸ்டேபிள்காயின். அமெரிக்க அரசின் பணத்தை இன்னொரு பெயரில் அனுப்பியதுபோலத்தான். அதை வாங்கிய மாணவி, ஹெராத் கடைவீதியில் நாணயம் மாற்றித் தரும் ஒருவரிடம் போய் ஆப்கானியாக மாற்றிக்கொண்டால்தான் ரொட்டி வாங்க முடியும். கடைசிப் படியில் மறுபடி ஓர் ஆள். 2022 ஆகஸ்டில் தாலிபான் அந்தக் கடைகளை மூடி, நடத்தியவர்களைக் கைதுசெய்தது. எந்த அரசாலும் தடுக்க முடியாத பணம் என்ற வாக்குறுதி ஒரு கடைவீதியின் ஷட்டர்களோடு இறங்கிவிட்டது. கணக்குப் புத்தகம் உலகத்தின் ஆயிரக்கணக்கான கணினிகளில் பத்திரமாகத்தான் இருந்தது. ஹெராத்தில் அதை ரொட்டியாக மாற்ற முடியவில்லை.

பயன்பாடு பற்றி இவ்வளவு பேசினால், பேச்சு மெல்ல விலைக்கு மாறிவிடும். 2010இல் ஒருவர் இரண்டு பீட்சாவுக்குக் கொடுத்த 10,000 பிட்காயின் இன்றைக்கு என்ன விலை தெரியுமா என்பார்கள். 2024 டிசம்பரில் ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது உண்மை. அதனால் அது பணம் ஆகிவிடுகிறதா? சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் மனை வாங்கிப் போட்டவர்களும் பணக்காரர் ஆனார்கள். மனையைக் கொடுத்து யாரும் பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதில்லை. விலை ஏறும் என்று நம்பி வைத்திருப்பவர் அதைச் செலவழிக்கமாட்டார். பீட்சாக் கதையை அவர்களே ஏமாந்தவன் கதையாகத்தான் சொல்கிறார்கள். பணமாகப் பயன்படுத்தியவனை முட்டாள் என்று சிரிக்கும் பணம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஊக வணிகத்துக்கு ஒரு தேவை உண்டு. இதிலிருந்து நிலம்போல வாடகை வருவதில்லை, பங்குபோல லாபப் பங்கு வருவதில்லை. முன்னால் வாங்கியவருக்கு லாபம் வேண்டுமென்றால் பின்னால் ஒருவர் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்தான் என்று உச்சவரம்பு வைத்திருப்பதால் முன்னால் வந்தவர் யார், பின்னால் வருபவர் யார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்தப் பின்னணியில், பெண்களும் உள்ளே வர வேண்டும் என்ற அழைப்பு எப்போது ஓங்கி ஒலித்தது என்று பாருங்கள். 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும். ரீஸ் விதர்ஸ்பூன், க்வினெத் பால்ட்ரோ போன்ற ஹாலிவுட் நடிகைகள் பெண்களை அழைத்தார்கள். பெண்களுக்கான கிரிப்டோ மன்றங்கள் தொடங்கின. பிட்காயின் விலை 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டு, அடுத்த நவம்பரில் 16,000க்கு வந்துநின்றது. சமத்துவத்தின் பெயரால் வந்த அழைப்பு, கூட்டம் கலையும் நேரத்தில் வந்தது. சூதாட்ட மேசையில் கடைசி நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு பெண்களுக்கு இடஒதுக்கீடு என்று சொல்வதற்குப் பெண்ணியத்தில் இடமில்லை.

வரமறுத்த பெண்களைப் பற்றிச் சொல்லப்படுவது தெரிந்ததுதான்: பெண்களுக்குத் துணிச்சல் போதாது, ரிஸ்க் எடுக்க மாட்டார்கள், நிதி அறிவு குறைவு. மாதத்தின் கடைசி வாரத்தை நூற்றைம்பது ரூபாயில் ஓட்டுகிறவளுக்கு ரிஸ்க் என்றால் என்னவென்று பாடம் எடுக்கிறார்கள். எல் சால்வடோரின் சந்தைப் பெண்கள் பிட்காயின் வேண்டாம் என்றதை அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் சர்வதேச நாணய நிதியத்தோடு 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு செய்துகொண்டு, 2025 ஜனவரியில் அந்நாட்டுச் சட்டமன்றம் பிட்காயினை வாங்கிக்கொள்வது கட்டாயமில்லை என்று சட்டத்தைத் திருத்தியது. சந்தைப் பெண்கள் மூன்றாண்டுக்கு முன்பே அந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டிருந்தார்கள்.

ஒரு மகளிர் கல்லூரியில் இதைப் பற்றிப் பேசி முடித்தபோது, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்து கேட்டார். "நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா என் அக்கவுண்ட்ல அப்பா நம்பர்தான் இருக்கு. நான் நூறு ரூபா எடுத்தாலும் அவருக்கு மெசேஜ் போகும். ஸ்காலர்ஷிப் வந்தா எனக்கு முன்னாடி அவருக்குத் தெரியும். கிரிப்டோன்னா அப்படி இருக்காதில்ல?" அரங்கில் பலர் தலையாட்டினார்கள். அன்று நான் பேசிய எதையும்விட அந்தக் கேள்வி பெரியது. அவருக்கு வேண்டியது பிட்காயின் இல்லை, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கணக்கு. அது நியாயமான ஆசை; அந்த ஆசையைத்தான் இவர்கள் சந்தையாக்குகிறார்கள்.

இந்தியாவில் கிரிப்டோ வாங்கும் நிலையங்கள் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் கேட்கும் என்றேன். பணம் அதே வங்கிக் கணக்கிலிருந்துதான் போகவேண்டும், செய்தி அதே அப்பாவுக்குத்தான் போகும். விற்றால் ஒரு விழுக்காடு வரி பிடித்து அதை வருமான வரிக் கணக்கில் பதிவார்கள். லாபத்தில் 30 விழுக்காடு வரி. வீட்டில் வரிக் கணக்கைப் பார்ப்பவர் யார் என்று கேட்டேன். அப்பாவின் ஆடிட்டர் என்றார். பதினெட்டு வயது ஆகிவிட்டதால், அடையாள அட்டையோடு கிளைக்கு நேரில் போய்ப் படிவம் எழுதிக்கொடுத்துக் கணக்கில் தன் எண்ணைப் பதிந்துகொள்ளலாம் என்று சொன்னேன். அல்லது தன் பெயரில் அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம்.

அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, "நம்பர் மாத்தினா அப்பாவுக்கு மெசேஜ் போகுமா?" என்று கேட்டார். பெரும்பாலும் பழைய எண்ணுக்கும் ஒரு செய்தி போகும் என்றேன். பக்கத்தில் இருந்த மாணவி, "அப்போ போஸ்ட் ஆபீஸ்தான்டி" என்றார்.